சீர்வரிசைப் பாத்திரங்கள்

உண்ணும் பொருளைப் பற்றி நாம் ஆயிரம் கேள்விகள் கேட்கிறோம். அரிசி புதியதா பழையதா, எண்ணெய் செக்கில் ஆட்டியதா, மீன் இன்று கரையேறியதா என்றெல்லாம் ஆராய்ந்த பின்னரே பணப்பையைத் திறக்கிறோம். ஆனால் அந்த அரிசியும் எண்ணெயும் மீனும் எந்தப் பாத்திரத்தில் வேகின்றன என்று கேட்போர் நம்மில் எத்தனை பேர்? புளியும் உப்பும் சூடும் ஒன்றுசேரும் இடத்தில் பாத்திரமும் சிறிது சிறிதாகக் கரைந்து உணவோடு கலக்கிறது. நாள்தோறும் மூன்று வேளை, ஆண்டுக்கணக்கில், நம் பிள்ளைகளின் வயிற்றுக்குள் செல்கிறது. ஆகவே பாத்திரம் வாங்குவதும் உணவு வாங்குவதைப் போன்றதே.

இந்த எண்ணம் எங்கள் குடும்பத்தில் வலுப்பெறக் காரணமானது ஒரு திருமணம். வரும் தை மாதத்தில் எங்கள் மகளுக்கு மணம் நடைபெற இருக்கிறது. திருமயம் வட்டாரத்தில் பெண்ணுக்குச் சீர் வைப்பதென்றால் பாத்திரமே முதலிடம் பெறும். அண்டை ஊர்களான கோனாபட்டு, இராயவரம் போன்றவற்றின் நகரத்தார் வீடுகளில் ஒரு பெண்ணுக்கு வைத்த பாத்திரங்கள் ஓர் அறையையே நிறைத்த காலம் உண்டு. அவ்வளவு வசதி எங்களுக்கு இல்லை. ஆயினும் இருப்பதற்குள் நல்லதாகக் கொடுக்க வேண்டும் என்னும் ஆசை எந்தப் பெற்றோருக்குத்தான் இராது?

பட்டியல் எழுத உட்கார்ந்தோம். மாப்பிள்ளையின் தமக்கை, எண்ணெய் குறைவாகச் செலவாகும் என்று ஒட்டாத சட்டிகள் ஒரு தொகுதி வேண்டும் என்றார். உறவினர் ஒருவர், விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று இண்டாலியம் குக்கரைப் பரிந்துரைத்தார். பிள்ளைகளுக்கு அப்பத்தாவாகிய எங்கள் வீட்டுப் பெரியவரோ, பரணில் கிடக்கும் பித்தளையையும் கல்சட்டியையும் இறக்கித் துலக்கச் சொன்னார். எது அழகு, எது மலிவு என்று தொடங்கிய பேச்சு, எது தீங்கற்றது என்னும் கேள்வியில் வந்து நின்றது. இரண்டு மாத காலம் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை, எங்களைப் போலவே பட்டியல் எழுதும் குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்று இங்கே தருகிறோம்.

பித்தளையும் செம்பும்

பழையன யாவும் நல்லவை, புதியன யாவும் தீயவை என்று சொல்லிவிடுவது எளிது. உண்மை அவ்வளவு எளிதன்று. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். புளி, எலுமிச்சை, தக்காளி, மோர் ஆகியவை அதன்மேல் பட்டால் செம்பு கரைந்து பச்சைக் களிம்பாகிறது. குமட்டல், வாந்தி, வயிற்றுவலி ஆகியவை அதனால் வரும். நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். பித்தளைக்கு உட்புறம் ஈயம் பூசும் வழக்கம் அதனாலேயே ஏற்பட்டது.

“ஈயம் போன பாத்திரத்துல புளியை ஊத்தாதே ஆத்தா, களிம்பு ஏறிப் போகும்” என்று அப்பத்தா எங்கள் மகளிடம் அடிக்கடி சொல்வதுண்டு. முன்னாளில் ஈயம் பூசுவோர் தெருத்தெருவாக வருவர். துருத்தி வைத்து ஊதிப் பாத்திரத்தைப் பழுக்கக் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவி, ஈயக் குச்சியால் ஓர் இழுப்பு இழுத்துப் பஞ்சால் துடைத்தால், உட்புறம் வெள்ளியாய் மின்னும். ‘ஈயம் பூசினாற்போலவும் இருக்க வேண்டும், பூசாததுபோலவும் இருக்க வேண்டும்’ என்னும் பழமொழி அந்தத் தொழிலிலிருந்து பிறந்ததே. இன்று அத்தொழிலாளரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. பூசுவோர் இல்லாத ஊரில் பித்தளையைப் புளிக்குழம்புக்குப் பயன்படுத்துவது அறிவுடைமை ஆகாது.

பாலைப் பற்றிய செய்தியோ இன்னும் கவலைக்குரியது. நம் நாட்டுக் குழந்தைகளை ஒரு காலத்தில் வாட்டிய கல்லீரல் நோய் ஒன்று உண்டு. ஆறு மாதம் முதல் சில வயது வரையிலான பிள்ளைகளின் வயிறு வீங்கும், கல்லீரல் கல்லைப்போல் இறுகும், பெரும்பாலானோர் பிழைப்பதில்லை. 1983-ஆம் ஆண்டில் டானர் என்னும் பிரிட்டானிய மருத்துவரும் பூனா நகரத்து மருத்துவர்களான பாவே, பண்டிட் ஆகியோரும் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நோயுற்ற பிள்ளைகளுக்கு மிக இளம் பருவத்திலேயே பசும்பாலோ எருமைப்பாலோ கொடுக்கப்பட்டிருந்தது. அந்தப் பால் பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைக்கப்பட்டிருந்தது என்பதை அவர்கள் எடுத்துக்காட்டினர். பாலில் உள்ள புரதம் செம்பைப் பற்றி இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. அச்செம்பு குழந்தையின் கல்லீரலில் சேர்கிறது. பரம்பரைக் கூறு ஒன்றும் இதற்குத் துணைசெய்திருக்கலாம் என்று மருத்துவர் கருதுகின்றனர். எனினும் வீடுகளில் பித்தளை போய் எவர்சில்வரும் அலுமினியமும் வந்தபின் அந்நோய் மிக அரிதாகிவிட்டது.

இதனைப் படித்த அன்று எங்கள் வீட்டில் நெடுநேரம் பேச்சில்லை. அப்பத்தாவின் தலைப்பிள்ளை இரண்டு வயது நிறையுமுன் வயிறு வீங்கி இறந்துபோனது. ‘கட்டி’ என்று அந்நாளில் சொன்னார்கள். சென்னையிலிருந்து மருந்து வரவழைத்தும் பயனில்லை. பால் காய்ச்சிய பித்தளைக் குண்டான் இன்றும் எங்கள் பரணில் இருக்கிறது. அதுவே காரணம் என்று இன்று எவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. எண்பத்தெட்டு வயதுத் தாய் ஒருவரின் மனத்தில் புதிய கேள்வி ஒன்றை நட்டுவிட எங்களுக்கு விருப்பமில்லை. ஆகவே அதனை அவரிடம் நாங்கள் சொல்லவில்லை. ஆனால் மகளை மட்டும் தனியே அழைத்து, குழந்தைக்கான பாலைப் பித்தளையிலோ செம்பிலோ காய்ச்சவும் கூடாது, ஊற்றி வைக்கவும் கூடாது என்று சொல்லிவைத்தோம். பித்தளைக் குடத்தில் தண்ணீர் வைப்பதும், பொங்கலன்று பால் பொங்கச் செய்வதும் வேறு. ஒரு பச்சிளங் குழந்தைக்கு நாள்தோறும் பாலூட்டுவது வேறு.

ஒரு சொல், இரு உலோகங்கள்

ஈயச் சொம்பில் வைத்த இரசத்தின் மணத்தை அறியாத தமிழர் உண்டோ? ஆனால் ‘ஈயம்’ என்னும் நம் சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறது. ஒன்று வெள்ளீயம், மற்றொன்று காரீயம். சொம்புக்கும் பூச்சுக்கும் உரியது வெள்ளீயம். அது உடலுக்குப் பெருந்தீங்கு செய்வதன்று. காரீயமோ நஞ்சு. அது பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைத் தடுக்கும். படிப்பையும் நடத்தையையும் கெடுக்கும். பெரியவர்களுக்கு இரத்த அழுத்தத்தையும் சிறுநீரகக் கேட்டையும் தரும். இரத்தத்தில் இவ்வளவு காரீயம் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு.

காரீயம் மலிவு, வெள்ளீயம் விலை உயர்ந்தது. இந்த விலை வேறுபாடே கலப்படத்துக்கு வாசல். கண்ணால் பார்த்தோ கையால் தட்டியோ கலப்படத்தை உறுதியாக அறிய முடியாது. ஆய்வுக்கூடத்தில்தான் அறிய முடியும். ஆகவே வழிவழியாகச் செய்பவரென்று நன்கு அறிந்த கைவினைஞரிடம் வாங்க இயலாதவர், ஈயச் சொம்பை விட்டுவிடுவதே மேல். வெள்ளீயம் 232 பாகை வெப்பத்திலேயே உருகிவிடும் என்பதால், இருக்கும் சொம்பையும் நீரின்றி அடுப்பில் ஏற்றலாகாது.

அலுமினியத்தின் கதை

ஏழையின் அடுக்களைக்கு அலுமினியம் வந்தது நம் தமிழகத்தின் வழியாகவே என்பது பலர் அறியாத செய்தி. 1898-ஆம் ஆண்டில் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் பொறியியல் பேராசிரியர் சென்னைக் கலைப் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கி வைத்தார். எடை குறைவு, விலை குறைவு, ஈயம் பூசும் செலவும் இல்லை. சில ஆண்டுகளில் அது தனியார் தொழிலாக வளர்ந்து நாடெங்கும் பரவியது.

அலுமினியத்திலும் புளியும் உப்பும் அரிப்பை உண்டாக்கும். காற்றுப் பட்டவுடன் அதன்மேல் படியும் மெல்லிய தோல் உலோகத்தை ஓரளவு காக்கிறது. தேங்காய் நாரும் மணலும் கொண்டு நாள்தோறும் பளபளக்கத் தேய்ப்பவர்கள் அந்தத் தோலையே உரித்துவிடுகின்றனர். மனிதர் ஒரு வாரத்தில் தம் எடையில் கிலோ ஒன்றுக்கு 2 மில்லிகிராம் வரை அலுமினியம் உட்கொண்டால் தீங்கில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 2011-இல் வரையறுத்தது. மறதி நோய்க்கு அலுமினியப் பாத்திரமே காரணம் என்று பலர் அஞ்சுகின்றனர். அஃது இன்றுவரை நிறுவப்படவில்லை. ஆகவே அலுமினியத்தில் சோறு வடிப்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை. புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு, மோர்க்குழம்பு, ஊறுகாய் ஆகியவற்றை அதில் காய்ச்சுவதும், காய்ச்சி இரவு முழுதும் வைப்பதும்தான் கூடாது. பங்குத் திருவிழாவில் ஊருக்கே ஆக்கும் சாம்பாரை அலுமினிய அண்டாவில் மறுநாள் வரை விட்டுவைக்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால், பொறுப்பாளர்கள் அதனை மாற்றுவது நல்லது.

உண்மையான அச்சம் வேறிடத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சியாட்டில் நகரை உள்ளடக்கிய கிங் மாவட்டத்தின் சுகாதாரப் பணியாளர்கள், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்து குடியேறிய பிள்ளைகளின் இரத்தத்தில் காரீயம் மிகுந்திருப்பதைக் கண்டனர். தேடிப் பார்த்தபோது, அக்குடும்பங்கள் கொண்டுவந்த அலுமினியப் பானைகளும் குக்கர்களும் உணவில் காரீயத்தைக் கசியவிடுவது தெரிந்தது. 2022-இல் அந்த ஆய்வு வெளியாயிற்று. பின்னர் 2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், காரீயம் கசியக்கூடிய சில இறக்குமதிப் பாத்திரங்களை விற்கவோ பயன்படுத்தவோ வேண்டா என எச்சரித்தது. அந்த எச்சரிக்கையில் அலுமினியம், பித்தளையோடு இண்டாலியம் என்று நாம் வழங்கும் கலவையின் பெயரும் இடம்பெற்றிருந்தது.

நல்ல அலுமினியக் கலவையில் காரீயத்துக்கு வேலையில்லை. பின் அஃது எவ்வாறு வருகிறது? பழைய இயந்திர உதிரிகள், வண்டிப் பாகங்கள், மின்கருவித் துண்டுகள் ஆகியவற்றை ஒன்றாகப் போட்டு உருக்கிப் பாத்திரம் வார்க்கும்போது வருகிறது. இங்கே ஒரு சிக்கலையும் காண்கிறோம். புதிதாக ஒரு கிலோ அலுமினியம் எடுக்க ஏறத்தாழ 14 யூனிட் மின்சாரம் வேண்டும். அதற்கான பாக்சைட்டுக்காக நம் ஏற்காட்டு மலையும் கொல்லிமலையும் வெட்டப்பட்டன. பழையதை உருக்கினாலோ அந்த மின்சாரத்தில் இருபதில் ஒரு பங்கே போதும். பூமிக்கு நல்லது பழையதை உருக்குவதே. ஆனால் எதை உருக்குகிறோம் என்னும் கட்டுப்பாடு இல்லாவிடில் அந்நன்மையே பிள்ளைகளுக்கு நஞ்சாகிவிடும். ஆகவே பெயரும் முத்திரையும் இல்லாத வார்ப்பு அலுமினியப் பாத்திரங்களை மலிவு என்று வாங்காதிருப்போமாக.

ஒட்டாத சட்டி

ஒட்டாத சட்டியின் பூச்சு 1938-இல் அமெரிக்க வேதியியலர் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டறிந்த பொருள். 1950-களில் பிரான்சு நாட்டில் அதனைச் சட்டியில் ஏற்றினர். பூச்சுத் துகள் வயிற்றுக்குள் சென்றால் செரிமானமாகாமல் வெளியேறிவிடும். ஆனால் வெறும் சட்டியைப் பெரிய தணலில் வைத்தால் சில நிமிடங்களில் 260 பாகையைத் தாண்டிவிடும். பூச்சு சிதைந்து புகை எழும். அந்தப் புகையால் வீட்டில் வளர்க்கும் பறவைகள் இறந்ததுண்டு.

பெருங்கேடு சட்டியைவிடச் சட்டி பிறந்த இடத்தில் நிகழ்ந்தது. அப்பூச்சைச் செய்யப் பயன்பட்ட ஒரு வேதிப்பொருள் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பார்க்கர்ஸ்பர்க் என்னும் ஊரை ஒட்டிய நீரில் கலந்தது. மாடுகள் மாண்டதைக் கண்ட வில்பர் டெனன்ட் என்னும் உழவர் வழக்கறிஞரை நாடினார். 1999-இல் வழக்குத் தொடரப்பட்டது. அப்பொருளுக்கும் புற்றுநோய் உட்பட ஆறு நோய்களுக்கும் தொடர்பிருக்கலாம் என அறிவியலர் குழு 2012-க்குள் அறிவித்தது. 2017-இல் ஆயிரக்கணக்கானோருக்கு 67 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு வழங்க உடன்பாடு ஏற்பட்டது. 2019-இல் உலக நாடுகளின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அதனைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. இன்று அது நீங்கிய சட்டிகள் கிடைக்கின்றன. எனினும் சில ஆண்டுகளில் பூச்சு உரிந்து குப்பைக்குப் போகும் பொருளைச் சீராகக் கொடுக்க எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. வைத்திருப்போர் சிறு தணலில், மரக் கரண்டியோடு பயன்படுத்துக. பூச்சு கிழிந்தால் விலக்குக.

எவர்சில்வர்

1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி துப்பாக்கிக் குழலுக்காக ஆராய்ந்தபோது பிறந்த எஃகு, நம் வீடுகளில் எவர்சில்வர் ஆயிற்று. 1980-களின் தொடக்கத்தில் சேலம் உருக்காலை அதன் தகட்டை நம் மாநிலத்திலேயே செய்யத் தொடங்கியது. எஃகில் உள்ள குரோமியம் கண்ணுக்குத் தெரியாத தோலாக நின்று துருவைத் தடுக்கிறது. புளிக்கும் உப்புக்கும் அஞ்ச வேண்டியதில்லை. பல்லாண்டு உழைக்கும், பழையதைப் போட்டுப் புதியது வாங்கலாம், உருக்கி மீண்டும் எஃகாக்கலாம்.

ஆனால் எல்லா எவர்சில்வரும் ஒன்றல்ல. நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு குரோமியமும் எட்டுப் பங்கு நிக்கலும் கொண்டது சமையலுக்குச் சிறந்தது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய மலிவு வகை விரைவில் துருப்பிடிக்கும். காந்தம் ஒட்டினால் போலி என்று கடைக்காரர் சிலர் சொல்வதை நம்ப வேண்டா. மின்தூண்டல் அடுப்புக்கு உரிய நல்ல பாத்திரத்தின் அடியிலும் காந்தம் ஒட்டும். மட்டமான மாங்கனீசு வகையில் ஒட்டாமலும் போகும். முத்திரையே துணை. எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று மத்திய அரசு 2024-இல் ஆணையிட்டது. குக்கருக்கு அதற்கு முன்னரே ஆணை உண்டு. முத்திரை எங்கே என்று கேட்டு வாங்குவது நம் உரிமை.

மண்ணும் கல்லும் இரும்பும்

கண்மாய்கள் நிறைந்தது எங்கள் புதுக்கோட்டை மாவட்டம். அந்தக் கண்மாய்க் களிமண்ணே வேளார் கையில் சட்டியாகிறது. மெருகு பூசாத மண்சட்டியில் புளியும் மீனும் எவ்வளவு கொதித்தாலும் தீங்கில்லை. உடைந்தால் மீண்டும் மண்ணே. பளபளப்பு மெருகு பூசிய சட்டியில் மட்டும் காரீயம் இருக்கக்கூடும். கண்மாய்களில் வண்டலும் களிமண்ணும் எடுக்க மண்பாண்டத் தொழிலாளர்க்கு வட்டாட்சியர் அளவிலேயே கட்டணமின்றி அனுமதி வழங்கும் ஏற்பாட்டைத் தமிழக அரசு 2024-இல் செய்தது. நாம் சட்டி வாங்கினால்தான் அந்த அனுமதிக்கும் பயன் உண்டு. புதுச் சட்டியை ஒரு நாள் நீரில் ஊறவைத்து, வடிகஞ்சி ஊற்றிக் கொதிக்கவிட்டுப் பழக்குதல் வேண்டும்.

மாக்கல்லில் குடைந்த கல்சட்டியும் புளிக்கு அஞ்சாதது. இறக்கிய பின்னும் குழம்பு நெடுநேரம் கொதிக்கும். அதனால் எரிபொருள் மிச்சமாகும். எண்ணெயும் மஞ்சளும் தடவி, கஞ்சி ஊற்றி, சிறு தணலில் சில நாள் பழக்காவிடில் வெடித்துவிடும்.

இரும்புச் சட்டியும் தோசைக்கல்லும் உணவோடு சிறிது இரும்புச் சத்தைச் சேர்க்கின்றன. எத்தியோப்பியாவில் இரும்புப் பானையில் சமைத்து உண்ட பிள்ளைகளின் இரத்தம், அலுமினியப் பானையில் சமைத்து உண்ட பிள்ளைகளின் இரத்தத்தைவிட நன்கு ஊறியதை 1999-இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் மாநிலத்துப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தச்சோகை உடையவர்கள். பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கு இதைவிட நல்ல சீர் எது? மருத்துவர் தரும் மாத்திரைக்கு ஈடாக அன்று, துணையாக.

எங்கள் பட்டியல்

முடிவில் நாங்கள் எழுதிய பட்டியல் இது. பால், சாம்பார், இரசத்துக்கு முத்திரையிட்ட எவர்சில்வர்ப் பாத்திரங்கள் ஆறு. எவர்சில்வர்க் குக்கர் ஒன்று. இரும்புத் தோசைக்கல், இரும்பு வாணலி, தாளிக்கும் கரண்டி. மீன்குழம்புக்கு மண்சட்டி இரண்டு. அப்பத்தாவின் கையால் பழக்கிய கல்சட்டி ஒன்று. பொங்கலுக்கு ஈயம் பூசிய பித்தளைப் பானை ஒன்று. பரணில் கிடந்த பழைய எனாமல் தட்டுகள் அழகானவைதாம். ஆனால் பழங்காலச் சிவப்பு, மஞ்சள் வண்ணங்களில் காட்மியமும் காரீயமும் இருக்கக்கூடும் என்பதால் அவை சுவரில் மாட்டுவதற்கே ஆயின.

பட்டியலைச் சம்பந்தி வீட்டாருக்குப் படித்துக் காட்டினோம். “எண்ணிக்கை குறைவாக இருக்கிறதே என்று ஊரில் கேட்பார்களே” என்று சம்பந்தி அம்மாள் முதலில் தயங்கினார். காரணங்களைச் சொன்னோம். கேட்டுவிட்டு, தம் வீட்டிலிருக்கும் முத்திரையற்ற பழைய குக்கரை என்ன செய்வது என்று அவரே வினவினார். உணவு சமைப்பதை நிறுத்திவிடுங்கள், அதனை வேறெவருக்கும் தானமாகவும் கொடுத்துவிடாதீர்கள் என்று பணிவோடு சொன்னோம். நமக்கு ஆகாததை ஏழைக்குக் கொடுப்பது அறமாகாது அன்றோ?

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற எவராலும் இயலாது; மாற்றவும் தேவையில்லை. நலமாக உழைக்கும் பழைய பாத்திரத்தை எறிந்துவிட்டுப் புதியது வாங்குவதும் பூமிக்குச் சுமையே. இந்த வாரம் ஒரு நாள் மாலையில் குடும்பத்தோடு அடுக்களைக்குள் சென்று பாருங்கள். பூச்சு உரிந்த சட்டி, ஈயம் தேய்ந்த பித்தளை, பெயரில்லாத வார்ப்புக் குக்கர் ஆகிய மூன்றையும் முதலில் ஒதுக்குங்கள். புளிக்குழம்பை அலுமினியத்திலிருந்து மண்ணுக்கோ எவர்சில்வருக்கோ மாற்றுங்கள். குழந்தையின் பாலுக்கென ஒரு நல்ல எவர்சில்வர்ப் பாத்திரத்தைத் தனியே எடுத்து வையுங்கள். அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது விலையைக் கேட்குமுன் முத்திரையைக் கேளுங்கள்.